750 ரூபாய் சீட்டு, 10,000 ரூபாய் வார இறுதி: சேலம் – ஏற்காடு கைவினைக் கூடலில் எதற்குப் பணம் கட்டலாம்?

சுவரொட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கிற 750 ரூபாய், வாசலைத் தாண்டுவதற்கான காசு மட்டும்தான். சனிக்கிழமை சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் ஒரு ஓட்டல் என்று இரண்டு நாள் கூடல். வகுப்பு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம்: ஆரி (கொக்கி ஊசி எம்பிராய்டரி) 1,800, மக்ரமே (கயிற்று முடிச்சு வேலை) 1,200, ரெசின் (திரவப் பிசினை அச்சில் ஊற்றி இறுகவைக்கும் வேலை) 2,200. ஏற்காட்டுக்கு ஏற்றி இறக்கும் பஸ், இருவர் தங்கும் அறையில் ஒரு படுக்கை, இரவுச் சாப்பாடு, காலை டிபன், ஞாயிறு மதியச் சாப்பாடு சேர்த்து ஆளுக்கு 2,800. கூட்டினால் 8,750. சனி மதியச் சாப்பாடு கைக்காசு. ஸ்டால்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வரும் மனக்கட்டுப்பாடு கைவினைக்காரர்களுக்குக் கிடையாது, ஆகவே அதற்கும் 1,000 ரூபாய் ஒதுக்கி வையுங்கள். சொந்த ஊரிலிருந்து சேலம் வந்து போகும் செலவைச் சேர்க்காமலேயே 10,000 ஆகிவிடுகிறது.

நடத்துபவர்களின் பெயரைப் போடவில்லை. ஊருக்கு ஊர் நடக்கும் இத்தகைய கூடல்கள் ஏறக்குறைய ஒரே அச்சுதான். மண்டபமும் மலையும் மாறும், கணக்கு மாறாது.

இந்தப் பணத்துக்கு உருப்படியாகக் கிடைப்பது ஒன்றுதான்: வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கை எந்த இடத்தில் தப்புகிறது என்று பார்த்துச் சொல்லும் சில நிமிடங்கள். கிட், பரிசுப் பை, சான்றிதழ், செல்ஃபி மூலை எல்லாம் அதற்குச் சுற்றப்பட்ட தாள். ஆகவே எந்த வகுப்பையும் எடைபோட ஒரே அளவுகோல் போதும். கட்டணத்திலிருந்து கிட்டின் கடை விலையைக் கழியுங்கள். மிச்சத்தை, கை உண்மையில் வேலை செய்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள்.

ஆரி வகுப்பையே எடுத்துக்கொள்வோம். அறிவிப்பில் 3 மணி நேரம். பெயர் பதிவு, வரவேற்புரை, கிட் விநியோகம், மைக் சரிபார்ப்பு எல்லாம் 40 நிமிடத்தைத் தின்றுவிட்டன. மிச்சம் 140 நிமிடம். ஒரு ஆசிரியைக்கு 25 பேர். ஆளுக்கு ஐந்தரை நிமிடம் வருகிறது. அதே ஆசிரியை, அதே நேரம், 12 பேர் என்றால் ஆளுக்குக் கிட்டத்தட்ட 12 நிமிடம். பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? பதில் ‘அது வரவரத் தெரியும்’ என்று வந்தால் 25க்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘கிட் இலவசம்’ என்பதையும் பிரித்துப் பார்த்துவிடலாம். 18 அங்குல மர ரிங், ஆரி ஊசி, நார்மல் நீடில் இரண்டு, சில்க் த்ரெட் ஆறு கண்டு, ஜரிகை ஒன்று, சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், கொஞ்சம் குந்தன் கல், அரை மீட்டர் துணி. சின்னக் கடை வீதி, முதல் அக்ரஹாரம் பக்கத்து ஃபேன்சி கடைகளில் இவ்வளவும் தோராயமாக 750 ரூபாய்க்குள் அடங்கும். அப்படியானால் கற்பித்தலுக்கு நாம் கொடுப்பது 1,050. அதை 140 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏழரை ரூபாய். அம்மாப்பேட்டையிலும் சூரமங்கலத்திலும் வீட்டு மாடியில் நடக்கும் மாத வகுப்புகளில் 3,500 ரூபாய்க்கு 20 வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்ற கணக்கில் நிமிடத்துக்கு 2 ரூபாய்கூட ஆகாது. ஊசியே பிடித்திராதவர்களுக்கு மாத வகுப்புதான் சரி. கூடலில் அவர்களுக்குக் கிடைப்பது பதற்றம் மட்டும்.

கிட்டில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. ரிங் கொடுத்தார்கள், அதைப் பிடித்து நிறுத்த ஸ்டாண்டும் இல்லை, கிளாம்ப்பும் இல்லை. ஆரியில் ஒரு கை துணிக்கு மேலே ஊசியோடும், இன்னொரு கை துணிக்கு அடியில் நூலோடும் இருக்க வேண்டும். ரிங்கைப் பிடிக்க மூன்றாவது கை யாருக்கும் இல்லை. மடியில் வைத்து முழங்காலால் அழுத்தினால் துணி தளரும், தளர்ந்த துணியில் ஆரி ஊசி ஏறாது. மேசை விளிம்பில் ரிங்கின் மூன்றில் ஒரு பங்கை வைத்து, அதன் மேல் கனமான இரண்டு புத்தகங்களை அடுக்கிச் சமாளிக்கலாம். 4 அங்குல ஜி-கிளாம்ப் இரண்டு கையோடு எடுத்துப் போவது இன்னும் நல்லது, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். உள் ரிங்கில் பருத்தி நாடா சுற்றாமல் கொடுத்திருந்ததும் தவறு. நாடா சுற்றாத மரத்தில் துணி வழுக்கிக்கொண்டே இருக்கும். தட்டினால் டம் என்று சத்தம் வருகிற அளவுக்கு விறைப்பு வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்து விட வேண்டியிருந்தால் பாடமா நடக்கும்?

கற்பித்த ஆசிரியைக்குக் கை சுத்தம், சொல்லும் தெளிவு. குறை பாடத்திட்டத்தில்தான். செயின் ஸ்டிட்ச், மணி கோப்பது, குந்தன் ஒட்டிச் சுற்றிக் கட்டுவது, ஜர்தோசி, லோட் ஸ்டிட்ச் என்று ஐந்தையும் 140 நிமிடத்தில் திணித்தார்கள். செயின் மட்டும் நேர்க்கோடு, வளைவு, மூலை, தொடக்கம், முடிச்சு என்று முழுதாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த நேரத்துக்கு அதுவே சரியாக இருந்திருக்கும். செயினில் கை தப்பும் இடங்கள் நான்குதான், நான்கையும் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் பிடிக்க முடியும். ஊசி மேலே வரும்போது துணியைக் கவ்வினால், வளையத்தை இழுக்குமுன் ஊசியை அரைச் சுற்றுத் திருப்பவில்லை என்று பொருள். கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்குப் பிடியில் உள்ள திருகாணியை அடையாளமாக வைத்துக்கொண்டால் இது பாதி தீரும். வளையம் நழுவினால், அடிக்கை நூலை லூசாக விட்டிருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூலை லேசாக இழுத்தபடியே இருக்க வேண்டும். நூல் இழை இழையாகப் பிரிந்தால் கொக்கியில் பிசிறு இருக்கும், மிக நைசான உப்புத்தாளில் இரண்டு முறை தேய்த்தால் சரியாகும். ரிங்கிலிருந்து எடுத்த பிறகு துணி சுருங்கினால் தையல் இறுக்கம் அதிகம், அல்லது தைக்கும்போது துணி தளர்வாக இருந்தது. முடிச்சு விஷயத்தை மட்டும் எல்லாரும் அவசரத்தில் தாண்டுகிறார்கள். கடைசி வளையத்தைப் பூட்டாமல் விட்டால், ஒரு நுனியை இழுத்ததும் அந்தச் செயின் முழுவதும் சரசரவென்று பிரிந்து வந்துவிடும். கல்யாண பிளவுஸில் இது நடந்தால் யார் பதில் சொல்வது?

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. கல்யாண மண்டப விளக்கெல்லாம் உச்சியிலிருந்து விழும், வேலை செய்கிற கையின் நிழல் நேராகத் துணி மேல்தான். வளைகழுத்து எல்இடி விளக்கு ஒன்று, 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கொண்டுபோனவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேலை முடித்தார்கள். இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் வலக்கைக்காரர்களுக்கு நிழல் விழாது.

மக்ரமே வகுப்பு இதைவிட நன்றாக நடந்தது. 14 பேர், இரண்டு ஆசிரியைகள், தொங்கவிட்டு வேலை செய்யத் துணி உலர்த்தும் ஸ்டாண்டுகளை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்கள். நாற்காலி முதுகில் கட்டிவிட்டுக் குனிந்து முடிச்சுப் போடும் கொடுமை இல்லை. சதுர முடிச்சு, சுருள் முடிச்சு, சரிவு முடிச்சு மூன்றையும் எல்லாரும் கையில் கொண்டுவந்துவிட்டார்கள். மூன்று மணி நேரத்தில் முடியக்கூடிய கலை இது, கூடலுக்கு ஏற்றது. 1,200 ரூபாய்க்கு நியாயமான வகுப்பு.

ஆனால் கயிறு அளவில் சொதப்பல். கிட்டில் 3 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு 20 மீட்டர். செய்யச் சொன்னது 30 செ.மீ. நீளமுள்ள சுவர்த் தொங்கல், குச்சியில் 10 கயிறு மடித்துக் கட்ட வேண்டும். முடிச்சுப் போட, செய்து முடித்த தொங்கலின் நீளத்தைப் போல நான்கு மடங்கு கயிறு வேண்டும், மடித்துக் கட்டுவதால் ஒரு கயிறு எட்டு மடங்கு. 30 செ.மீ.க்கு 2.4 மீட்டர், 10 கயிற்றுக்கு 24 மீட்டர். நெருக்கமான முடிச்சானால் இன்னும் கூடும். 20 மீட்டரை வைத்துக்கொண்டு ஆளாளுக்குக் குஞ்சத்தைக் கத்தரித்துச் சமாளித்தார்கள். இத்தனைக்கும் இந்தக் கயிறு கிலோவுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் நிற்கும், பற்றாமல் போனது வெறும் 20 கிராம். கைத்தறியும் நூற்பாலையும் நிறைந்த சேலத்தில் 20 கிராம் பருத்தியில் கை இறுக்கம் காட்டியது கொஞ்சம் வேடிக்கைதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு, அதாவது ஏற்காட்டுக்கு வருவோம். இந்தக் கூடலின் அடிப்படைத் தவறே இங்கேதான் இருக்கிறது: ரெசின் வகுப்பை மலை மேல் வைத்தது.

எப்பாக்ஸி ரெசினுக்குப் பிடித்த சூழல் 22 முதல் 27 டிகிரி வெப்பம், 60 சதவீதத்துக்குக் குறைவான ஈரப்பதம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். கார்த்திகைப் பனியில் காலை பத்து மணிக்கும் ஜன்னலில் மூட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும். குளிரில் ரெசின் கெட்டிப்பட்டுத் தேன் போல இழுபடும், கலக்கும்போது ஏறிய காற்றுக் குமிழி வெளியே வராது, உள்ளேயே பொடிப்பொடியாக நின்றுவிடும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு (ரெசினை இறுகவைக்கக் கலக்கும் திரவம்) வினைபுரிந்து மேற்பரப்பில் மெழுகு போன்ற வெள்ளைப் படலம் வரும். புதிதாகச் செய்பவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கலவை விகிதம் தவறு என்று நினைத்துத் தங்களையே நொந்துகொள்வார்கள். படலம் மட்டும் என்றால் இறுகிய பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு, லேசாக உப்புத்தாள் போட்டு, மேலே ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்தால் சரியாகும். உள்ளே உறைந்த குமிழிக்கு மருந்து கிடையாது.

குளிரைச் சமாளிக்க வழி இருக்கிறது, வகுப்பில் அதைச் செய்யவில்லை. மூடிய ரெசின் புட்டியை 10 நிமிடம் வெந்நீரில் நிறுத்தி வைக்க வேண்டும். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக்கூடாது. மோல்டையும் ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டலாம். ஊற்றிய பிறகு மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் தூசியும் பனியும் படாது.

கலவை பாடத்தில் முக்கியமான ஒன்றைத் தவறாகச் சொன்னார்கள். புட்டியில் 2:1 என்று இருந்தது கொள்ளளவு விகிதம். மேசையில் கொடுத்திருந்ததோ சமையல் தராசு. 100 கிராம் ரெசினுக்கு 50 கிராம் ஹார்டனர் என்று நிறுத்துக் கலக்கச் சொன்னார்கள். ஹார்டனர் ரெசினைவிட எடை குறைந்த திரவம், ஆகவே எடையில் அது பெரும்பாலும் 100க்கு 43 அல்லது 45 பக்கம்தான் வரும். பிராண்டுக்குப் பிராண்டு மாறும், தராசு பயன்படுத்தினால் அந்தப் புட்டியின் எடை விகிதத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹார்டனர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது தவறு. மிஞ்சிய ஹார்டனர் உள்ளேயே தங்கி, பொருள் கடைசிவரை பிசுபிசுவென்று வளையும். கலக்குவது குறைந்தது 3 நிமிடம், மெதுவாக, குவளையின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து. நிறமி மொத்த எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

பாராட்ட வேண்டியதும் உண்டு. கிட்டில் கொடுத்த ரெசின் 150 கிராம், 10 செ.மீ. விட்டமும் 8 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள இரண்டு கோஸ்டர் (கோப்பை வைக்கும் தட்டு) மோல்டுகள். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் சேர்த்து 140 கிராம் அளவுக்குப் பிடிக்கும், குவளையில் ஒட்டி வீணாகும் பத்து கிராமையும் யோசித்துத்தான் அளந்திருக்கிறார்கள். மோல்டு உட்புறம் பளபளப்பாக இருந்தது. மங்கலான மோல்டில் ஊற்றினால் பொருளும் மங்கலாகத்தான் வரும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. பதிக்கக் கொடுத்த பூக்கள் சிலிக்கா ஜெல்லில் முழுதாக உலர்த்தியவை. ஈரப் பூவை வைத்தால் சில நாளில் பழுப்பேறி, சுற்றிலும் குமிழி கட்டும். மணமாலையை ரெசினில் பதித்துக் கொடுக்கும் தொழிலில் இறங்குகிறவர்கள் பலர் வந்திருந்தார்கள், அவர்களுக்கு இந்தப் பகுதி உபயோகமாக இருந்திருக்கும்.

பாதுகாப்பு மோசம். மெல்லிய பாலித்தீன் கையுறை கொடுத்தார்கள், வேண்டியது நைட்ரைல். துணி மாஸ்க் ரெசின் ஆவியைத் தடுக்காது, கார்பன் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும், அல்லது ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிட்டு முப்பது பேரை ஒரே அறையில் கலக்கச் சொன்னது பொறுப்பில்லாத வேலை. எப்பாக்ஸி ஒவ்வாமை ஒரு முறை உடம்பில் உட்கார்ந்தால் பிறகு சும்மா தொட்டாலே அரிக்கும், அத்தோடு அந்தத் தொழிலே போச்சு.

உச்சக்கட்டம் இனிமேல்தான். பகல் 12 மணிக்கு ஊற்றியதை 4 மணி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு இறங்கச் சொல்கிறார்கள். மோல்டிலிருந்து எடுக்கவே 24 மணி நேரம் வேண்டும், முழு வலிமைக்கு மூன்று நாள். ஏற்காட்டுக் குளிரில் நாலு மணி நேரத்தில் அது இறுகத் தொடங்கக்கூட இல்லை. சேலம் இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மடியில் மோல்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸோடு சேர்ந்து சாய்ந்தால், கோஸ்டர் ஒரு பக்கம் 8 மில்லிமீட்டர், மறு பக்கம் 5 மில்லிமீட்டர். தங்கத் தூள் எல்லாம் ஒரே ஓரத்தில். 2,200 ரூபாய் கட்டினவர்கள் பையில் வழிந்த ரெசினைத் துடைத்துக்கொண்டு அடிவாரம் வந்து சேர்ந்தார்கள்.

ரெசினைச் சனிக்கிழமை காலை சேலத்தில் வைத்திருந்தால் இத்தனையும் தீர்ந்திருக்கும். தரைப்பகுதி வெப்பம் போதும், மோல்டுகளை மண்டபத்திலேயே சமமேசையில் பூட்டி வைத்துவிட்டு, ஞாயிறு மாலை பஸ் திரும்பும்போது கையில் கொடுத்திருக்கலாம். கோடையில் நடத்தினால் இதே பிரச்சினை தலைகீழாகும். சேலத்தில் 38 டிகிரியில் கலவை குவளையிலேயே கொதித்துப் புகையும். வெப்பம் 10 டிகிரி கூடினால் கையாளக் கிடைக்கும் நேரம் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு, அப்போது மட்டும் ஏற்காடு நல்ல யோசனை. ஆனால் மே மாதக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் வாரத்தில் அறை வாடகை ஏறிவிடும், மலைப்பாதையில் வண்டி நகராது. மலைக்குப் பொருத்தமானவை குரோஷா, நூல் வேலை, ஸ்கெட்ச் மாதிரிக் கைக்கு அடக்கமான வேலைகள். வாட்டர்கலர்கூட மூட்டத்தில் உலராமல் சோதிக்கும்.

தங்கல் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அறை சுத்தம், சாப்பாடு பரவாயில்லை, வெந்நீர் வந்தது. இரவுக் ‘கைவேலை அமர்வு’ என்று போட்டிருந்தது மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் அரட்டையாக முடிந்தது, அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ரெசின் வகுப்பு எடுக்காதவர்கள் ஏற்காடு தொகுப்பை விட்டுவிட்டுச் சனிக்கிழமை மட்டும் வந்தால் 2,800 மிச்சம்.

தஞ்சாவூர் ஓவிய வகுப்பும் பட்டியலில் இருந்தது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடிப் பூச்சு உலர்ந்து, மக்குவேலை (புடைப்பு வேலை) உலர்ந்து, அதன் பிறகு தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டுகிற கலை அது. மூன்று மணி நேரத்தில் சொல்லித் தர முடிவது ரேக் ஒட்டுவதை மட்டும்தான். பலகை முன்பே தயாராக வருகிறதா, ரேக் 22 காரட்டா அல்லது வெறும் மினுக்குத் தாளா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். மினுக்குத் தாள் நாளாவட்டத்தில் கறுக்கும்.

ஸ்டால்களில் எதை வாங்கலாம்? சேலத்துக் கடையில் அன்றாடம் கிடைக்கிற சில்க் த்ரெட், மணி, குந்தன், பசை, லேஸ் எதையும் தொடாதீர்கள், இரண்டு கண்டு வாங்கினால் மூன்று கண்டின் விலை ஆனது. கண்ணுக்கு நேரில் பார்த்து எடுக்க வேண்டிய சாமான்களுக்குத்தான் ஸ்டால். கையில் பொருந்துகிறதா என்று பிடித்துப் பார்க்க வேண்டிய ஆரி ஊசிப் பிடி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டிய சிலிக்கான் மோல்டு, குரோஷா கொக்கி, நிறம் பார்த்து எடுக்க வேண்டிய கம்பளி நூல் இவையெல்லாம் அந்த வகை. நூல் பந்து வாங்கும்போது உறையில் டை லாட் எண் (எந்தச் சாயத் தொகுதி என்பதற்கான எண்) ஒன்றா என்று பாருங்கள். வேறு லாட் என்றால் ஸ்வெட்டரின் நடுவில் நிறம் மாறிக் கோடு விழும். அடர் சிவப்பு, மெரூன் மணியையும் நூலையும் ஈர வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஏறினால் அப்படியே வைத்துவிடலாம். ‘சில்க்’ த்ரெட் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் ரேயான் அல்லது பாலியஸ்டர், பட்டு இல்லை, பட்டு விலை கேட்டால் கொடுக்க வேண்டியதும் இல்லை. ஜரிகையை வாங்கினால் பட்டர் பேப்பரில் சுற்றிக் காற்றுப் புகாமல் வையுங்கள்.

பரிசுப் பையில் தள்ளுபடிக் கூப்பன்கள், ஒரு சின்னப் பசை ட்யூப், பத்து கிராம் மணி. பை மட்டும் நல்ல காடாத்துணி.

மனதில் உறுத்தியது வேறொன்று. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர் சேலம். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பொடி வைத்துப் பற்றவைத்து, மெருகேற்றும் கைகளுக்குப் பக்கத்திலேயே மண்டபம் போட்டுவிட்டு, அவர்களில் ஒருவரையும் மேடைக்குக் கூப்பிடவில்லை. புவிசார் குறியீடு பெற்ற வெண்பட்டு நெய்கிறவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். எந்த நகரத்திலும் கிடைக்கும் ரெசின் கோஸ்டருக்காகச் சேலம் வர வேண்டிய அவசியம் என்ன? கண்ணி கோப்பதை ஒரு மணி நேரம் காட்டுகிற வகுப்பு வைத்தால் 2,000 ரூபாய் கொடுக்கலாம், யோசிக்க வேண்டியதில்லை.

ஸ்டால் போட நினைப்பவர்களுக்கும் கணக்குச் சொல்லிவிடுவோம். 6 அடி மேசைக்கு வாடகை 4,000, சனிக்கிழமை ஒரு நாள்தான். உதவியாள், சாப்பாடு, வண்டி வாடகை என்று 2,000 வைத்துக்கொண்டால் செலவு 6,000. லாபம் 35 சதவீதம் என்றால் 17,000 ரூபாய்க்குமேல் விற்றால்தான் கைக்காசு திரும்பும். 150 ரூபாய் தோட்டை வைத்துக்கொண்டு இதைச் செய்ய 115 பேராவது வாங்க வேண்டும். வந்திருப்பவர்களோ பாதிப்பேர் தாங்களே செய்யத் தெரிந்தவர்கள், தோட்டைத் திருப்பிப் பார்த்து எப்படிச் செய்தது என்று மனப்பாடம் செய்துகொண்டு நகர்ந்துவிடுவார்கள். முடிந்த பொருளைவிட மூலப்பொருளும் கருவியும் விற்ற மேசைகளில்தான் கூட்டம். மண்டபத்தின் உள்பக்கம் நெட்வொர்க் படுத்துவிடுவதால் யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும், வாசல் பக்க மேசையைக் கேட்டு வாங்குங்கள், சில்லறையாக 1,000 ரூபாய் வைத்திருங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு: சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்தால் விடியுமுன்பே சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடும், குளிக்க இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். காலையில் கிளம்பும் கோவை எக்ஸ்பிரஸ் பத்து மணிக்குப் பிறகுதான் வருகிறது, பத்து மணி ஆரி வகுப்பின் தொடக்கம் போய்விடும். மதியச் சாப்பாட்டு வரிசை நீளம், வெளியே வந்து ஒரு தட்டுவடை செட்டோடு முடித்துக்கொண்டால் மக்ரமேவுக்கு நேரத்தோடு போகலாம். ஆரி கிட்டில் ட்ரேசிங் பொடி கரைக்க மண்ணெண்ணெய்க் குப்பி கொடுத்தால் மண்டபத்திலேயே விட்டுவிடுங்கள், ரயிலில் அதற்குத் தடை.

கட்டணம் திருப்பித் தரும் விதி ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. ஏழு நாளுக்கு முன் சொன்னால் பாதி, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வகுப்பை வேறொருவர் பெயருக்கு மாற்றலாம், ஏற்காடு அறைப் பங்கை மாற்ற முடியாது. ஆகவே வகுப்புக்கும் தங்கலுக்கும் ஒரே பரிவர்த்தனையாகப் பணம் அனுப்பாமல் தனித்தனி ரசீதாக வாங்குங்கள். ரசீதில் ஆசிரியர் பெயரும் வகுப்பு நேரமும் இருக்க வேண்டும். இந்த முறை இரண்டு வகுப்புகளுக்கு ஆசிரியர் கடைசி நேரத்தில் மாறினார், ரசீதில் பெயர் இருந்தவர்களுக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைத்தது.